வியாழக்கிழமைக்காரர்கள்

ஸுஹைல் வாத்தியார் இந்த வருஷத்தோடு ஓய்வு பெறுகிறார் என்று என் கணவர் மாஸின் போனில் சொன்னபோது, நான் ஒரு கையில் அமிலக் குப்பியும் மறுகையில் போனுமாக நின்றிருந்தேன். ஆய்வுக்கூடத்தில் போன் பேசக்கூடாது என்று மாணவர்களிடம் நாள் தவறாமல் கத்துகிறவள் நான்தான். குப்பியை மேஜையில் வைத்துவிட்டு, "மறுபடி சொல்லு" என்றேன்.

"ஸுஹைல் வாத்தியார் போறார். கெமிஸ்ட்ரி இடம் காலியாகுது. நம்ம ஊர் ஸ்கூல்ல. நெஜமாத்தான் சொல்றேன் நஜ்லா."

எங்கள் ஊர் நாட்டின் வடக்கே, கலிலேயா மலைச்சரிவில் இருக்கிற அரபு ஊர். அங்கே பட்டம் வாங்கிய ஆசிரியர் இல்லாத வீடு கிடையாது. உயர்நிலைப் பள்ளிதான் ஒன்றே ஒன்று. அதில் வேதியியலுக்கு ஒரே ஓர் இடம். ஸுஹைல் வாத்தியார் எனக்கே பாடம் எடுத்தவர். அவர் இருமினாலும் தும்மினாலும் டாக்டரைவிடக் கவனமாகக் காதுகொடுத்தவர்கள் எங்களைப் போன்ற வேதியியல் பட்டதாரிகள்தான். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. உள்ளூரில் இடம் கிடைக்காத எந்த ஆசிரியரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார், சத்தமாகச் சொல்லமாட்டார், அவ்வளவுதான்.

இடம் கிடைக்காதவர்கள் தெற்கே போகிறோம். பாலைவனத்தில், முன்பு நாடோடிகளாக இருந்த பெதூயின் அரபிகளின் ஊர்களில் பிள்ளைகள் பெருகிக்கொண்டே இருக்கிறார்கள், ஆசிரியர்கள் போதவில்லை. "ரெண்டு வருஷம் பல்லைக் கடிச்சுக்கிட்டு இரு, அப்புறம் மாத்தல் வாங்கிடலாம்" என்று சொல்லித்தான் எல்லோரையும் அனுப்பி வைக்கிறார்கள். நான் வந்தபோது எனக்குக் கல்யாணம்கூட ஆகியிருக்கவில்லை. பிறகு கல்யாணம் ஆனது, தைம் பிறந்தான், வளர்ந்தான், முதல் வகுப்புக்கும் போய்விட்டான். நான் மட்டும் இன்னும் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை விடியும் முன்னால் ஜிர்யிஸின் கார் வாசலில் வந்து நிற்கும். அவன் பக்கத்து ஊர்க்காரன், எங்கள் பள்ளியிலேயே புவியியல் எடுக்கிறவன். காரில் ஐந்து பேர், ஐந்து பேரும் ஆசிரியர்கள். மூன்று மணி நேரம் தெற்கே ஓட்டம். வாரம் முழுக்க, பள்ளிக்குப் பக்கத்து நகரமான பீர்ஸபாவில் ஒரு வாடகை வீட்டில், அதே காரில் வரும் இனாஸோடு தங்கல். அவள் அரபி இலக்கணம் எடுப்பவள், குளிர்சாதனப் பெட்டியில் தன் தயிருக்குப் பெயர் எழுதி ஒட்டுகிறவள். வியாழக்கிழமை மதியம் கடைசி மணி அடித்ததும் மறுபடி கார், மறுபடி மூன்று மணி நேரம். வெள்ளியும் சனியும் வீடு. இதுதான் என் வாழ்க்கை. இரண்டு நாளுக்காக ஐந்து நாளைத் தள்ளுவது.

தைமுக்கு நான் வியாழக்கிழமை சாயங்காலம் வருகிற ஒருத்தி. வந்ததும் அவன் என்னிடம் ஓடி வரமாட்டான். என் நாத்தனார் அபீரின் பாவாடையைப் பிடித்துக்கொண்டு பின்னால் நிற்பான். வாரம் முழுக்க அவனைக் குளிப்பாட்டி, சோறூட்டி, தூங்க வைப்பவள் அவள்தான். அவளைக் குறை சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். ஆனாலும் "அத்தையை விட்டுட்டு அம்மாகிட்ட போடா" என்று அவள் அவனை மெல்லத் தள்ளிவிடும்போது எனக்கு அவளை அறைய வேண்டும்போல இருக்கும். வெள்ளிக்கிழமை மெல்லப் பக்கத்தில் வருவான். சனிக்கிழமை மதியம் என் மடியில் ஏறி, என் காதைத் திருகி விளையாட ஆரம்பிப்பான். அப்போது நான் பெட்டி அடுக்க எழுந்திருக்க வேண்டும்.

மாஸின் சொன்ன அன்றே கல்வித் துறை இன்ஸ்பெக்டருக்குப் போன் போட்டேன். நல்ல மனுஷர், வழவழ கொழகொழ என்று பேசாதவர். "உங்க பேர்தான் முதல்ல இருக்கு. ஊர்ல யார் யாரோ சிபாரிசு பிடிக்கறாங்க, அதை நான் பார்த்துக்கறேன். ஆனா உங்க தலைமையாசிரியர் உங்களை விடறேன்னு அவர் வாயால எனக்குச் சொல்லணும். இந்த மாசக் கடைசிக்குள்ள சொல்லணும். இல்லேன்னா அடுத்த பேருக்குப் போயிடும்" என்றார். அடுத்த பேர் முப்பது வயதுகூட ஆகாத ஒரு பையன். அவன் அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் நான் கிழவியாகும்வரை எழுந்திருக்கமாட்டான்.

எங்கள் தலைமையாசிரியர் அபு நாயிஃப். அந்த ஊரிலேயே பெரிய குடும்பத்தைச் சேர்ந்தவர். வெள்ளைத் தலைப்பாகைக்கு மேலே கறுப்பு வளையம், கீழே இஸ்திரி போட்ட கோட்டு. பாதி வகுப்புகள் தகரக் கொட்டகையில் நடக்கும் பள்ளியை, காற்றடித்தால் கரும்பலகையில் எழுதியது மணலில் மறைந்துபோகும் பள்ளியை, அவர் ராஜாவைப் போல நடத்தினார். போன வருஷம்தான் எங்கள் பள்ளியில் முதன்முதலாக வேதியியல் உயர்நிலைப் பாடம் ஆரம்பித்தோம். ஆரம்பித்தவள் நான். பர்னர் ஒன்றுதான் இருந்தது, மீதியை வடக்கிலிருந்து ஜிர்யிஸ் காரின் டிக்கியில் கொண்டு வந்தேன். பதினொன்றாம் வகுப்பில் பன்னிரண்டு பெண்களும் நான்கு பையன்களும். அடுத்த வருஷம் அரசுப் பொதுத்தேர்வு. நான் போனால் அந்த வகுப்பு அனாதை.

ஆசிரியர் அறையில் சேதி பரவ எவ்வளவு நேரம் ஆகும்? ஒரு கெட்டில் தண்ணீர் கொதிக்கிற நேரம்தான். வரலாறு எடுக்கும் ஸலாமா உள்ளூர்க்காரர், கண்ணாடி டம்ளரில் சர்க்கரையைக் கலக்கிக்கொண்டே ஆரம்பித்தார். அங்கே என்னைப் பிள்ளையின் பெயரைச் சேர்த்து உம்மு தைம், தைமின் அம்மா, என்றுதான் கூப்பிடுவார்கள்.

"உம்மு தைம் கிளம்பறாங்களாமே. வாழ்த்துக்கள்."

"இன்னும் ஒண்ணும் ஆகல அண்ணே."

"ஆயிடும், ஆயிடும். வடக்குக்காரங்க வந்த நாளே ஒரு காலை கார்லயே வெச்சிட்டுத்தானே வர்றீங்க. எங்க பசங்க உங்களுக்கு பஸ் ஸ்டாப்பு. பஸ் வந்தா ஏறிடுவீங்க."

"பஸ் ஸ்டாப்புல இத்தனை வருஷம் நின்ன வேற யாரையாவது உங்க ஊர்ல பார்த்திருக்கீங்களா?" என்றேன். அறை சிரித்தது. அவரும் சிரித்தார். அவர் சொன்னது உள்ளே தைத்துக்கொண்டுதான் இருந்தது.

அபு நாயிஃபை ஆபீஸில் போய்க் கேட்கலாம் என்று கிளம்பியவளை ஜிர்யிஸ்தான் தடுத்தான். "ஆபீஸ்ல கேட்காதே. அங்க அவர் கவர்மென்ட். சட்டம் பேசுவார். வீட்டுக் கூடாரத்துல கேளு. அங்க அவர் அபு நாயிஃப். விருந்தாளியை வெறுங்கையோட அனுப்பக் கூச்சப்படுவார். நான் கூட வர்றேன்."

புதன்கிழமை பள்ளி விட்டதும் போனோம். அவருக்கு மாடி வீடு இருக்கிறது, ஆனாலும் முற்றத்தில் நீளமான கூடாரம் போட்டு வைத்திருக்கிறார். அவரைப் பார்க்க வருகிறவர்கள் அங்கேதான் உட்காருவார்கள். எங்களுக்குத் தலையணை போட்டார்கள். அவரே கனலிலிருந்து காபிக் கூஜாவை எடுத்து, இடது கையால் ஊற்றி, வலது கையால் நீட்டினார். ஒரு வாய் அளவுக் காபி, பிடியில்லாத சின்னக் கிண்ணத்தில். நான் இந்த ஊர்ப் பழக்கமெல்லாம் தெரிந்தவள் என்ற பெருமையில், வலது கையால் வாங்கினேன், சத்தமில்லாமல் குடித்தேன், போதும் என்பதற்கு அடையாளமாகக் கிண்ணத்தை லேசாக ஆட்டித் திருப்பிக் கொடுத்தேன். எவ்வளவு அழகாகச் செய்துவிட்டோம் என்று ஜிர்யிஸைப் பார்த்தால், அவன் முகம் பேயறைந்தது போல இருந்தது. அவன் கிண்ணம் தொடாமல் பாயில் இருந்தது.

நான் கேட்க வந்ததைக் கேட்டேன். பிள்ளையைச் சொன்னேன், இன்ஸ்பெக்டர் சொன்னதைச் சொன்னேன். அபு நாயிஃப் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு என் காலிக் கிண்ணத்தைப் பார்த்தார்.

"டீச்சர் காபி குடிச்சிட்டாங்களே" என்றார். குரலில் கேலியும் இருந்தது, இரக்கமும் இருந்தது. "ஏதாவது கேக்க வந்தவங்க கிண்ணத்தைக் கீழ வைப்பாங்க. நான் சரின்னு சொன்ன பிறகுதான் குடிப்பாங்க. குடிச்சிட்டா வந்தவங்க விருந்தாளி. விருந்தாளிக்கு என்னால சோறு போடத்தான் முடியும். ஆடு அடிக்கச் சொல்லட்டுமா?"

எனக்குத் தெரியாத வழக்கமல்ல. பெண் கேட்டு வரும்போது, அடிதடியில் சமாதானம் பேச வரும்போது, எங்கள் பக்கமும் ஆண்கள் இப்படித்தான் கிண்ணத்தைக் கீழே வைப்பார்கள். ஆனால் நான் அதையெல்லாம் சமையலறைக் கதவு வழியாகப் பார்த்தவள். அந்தக் கிண்ணம் என் கைக்கு வந்ததே இல்லை. அது கைக்கு வந்த முதல் நாளே குடித்துத் தொலைத்தேன்.

"அபு நாயிஃப், இவங்களுக்குத் தெரியாது. பொம்பளைங்க இதுல உட்கார்றதில்லையே" என்று ஜிர்யிஸ் இழுத்தான்.

"வழக்கத்தை விடு. நெஜத்தைப் பேசுவோம்" என்றார் அவர். கேலி போயிருந்தது. "இந்த ஊர்லேருந்து கெமிஸ்ட்ரி படிச்சு பார்மஸி, நர்ஸிங்னு போக முதல் தடவையா பதினாறு பேர் வாசல்ல நிக்கறாங்க. கதவைத் திறந்தது நீங்க. பாதியில மூடிட்டுப் போறேங்கறீங்க. பன்னெண்டாவது முடியட்டும், நானே உங்களைக் கொண்டுபோய் வீட்ல விடறேன்."

"அதுக்குள்ள இடம் போயிடும்."

"போனா இன்னொண்ணு வரும்."

"உங்களுக்கே தெரியும், வராது."

அவர் உள்ளே பார்த்துச் சோறு கொண்டுவரச் சொன்னார். தெரியும் என்பதால்தான். சோறு வந்தது, மென்று விழுங்கினேன். திரும்பும்போது காரில் ஜிர்யிஸ் தலையில் அடித்துக்கொண்டான்.

"இத்தனை வருஷம் இங்க குப்பை கொட்டியிருக்கியே, அந்தக் கிண்ணத்தைக் கீழ வைக்கத் தெரியாதா?"

"தாகமா இருந்துச்சுடா."

"தாகமா இருந்துச்சாம். இன்னும் முப்பது வருஷம் குடி."

அந்த வாரம் வீட்டுக்குப் போனபோது தைமின் முன்பல் ஒன்று இல்லை. திங்கள்கிழமையே விழுந்துவிட்டதாம். அவன் அதை அபீரிடம் காட்டினானாம், அப்பாவிடம் காட்டினானாம், பக்கத்து வீட்டில் காட்டினானாம், பிறகு அவனும் அபீரும் சேர்ந்து, புதுப் பல் கேட்டு அதைச் சூரியனைப் பார்த்து எறிந்தார்களாம். என்னிடம் சொல்ல மறந்துவிட்டான். நானாகப் பார்த்துக் கேட்டபோது, "அது பழசு" என்றான். குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். ஒரு பல்லுக்காக அழுவதா என்று கேட்பவர்கள் கேட்கட்டும். என் பிள்ளையின் பல் விழுந்த அன்று நான் யாருடைய பிள்ளைகளுக்கோ சமன்பாடு சமன் செய்யக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பதினொன்றாம் வகுப்புக்குள் நுழைந்ததும் தெரிந்துவிட்டது, எல்லோருக்கும் எல்லாம் தெரியும் என்று. காபி குடித்தது உட்பட. பின்பெஞ்சில் ஒருவன் தண்ணீர் பாட்டிலை எடுத்து மேஜையில் வைத்துவிட்டு, குடிக்காமல் கைகட்டி உட்கார்ந்தான். பையன்கள் கொல்லென்று சிரித்தார்கள். நானும் சிரிக்க வேண்டியதாயிற்று. சிரிக்காதவள் முதல் வரிசையில் ஹம்தா.

ஹம்தாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். வகுப்பில் அவள்தான் முதல். வாய் பேசமாட்டாள், பேசினால் நறுக்கென்று இருக்கும். தகரக் கொட்டகையில் வெயில் ஏறி மற்றவர்கள் சுருண்டு கிடக்கும்போதும் அவள் மட்டும் பேனாவை மூடாமல் உட்கார்ந்திருப்பாள். மருந்தாளராக வேண்டும் என்று ஒருமுறை சொன்னாள். ஊரில் மருந்துக்கடை கிடையாது, மாத்திரைக்கே பீர்ஸபாவுக்குப் போக வேண்டும். கடை வைத்தால் எங்கே வைப்பது என்று இடம்கூடப் பார்த்து வைத்திருந்தாள். இந்த வகுப்பு நின்றுபோனால் அந்தக் கடையும் இல்லை.

மணி அடித்த பிறகு அவள் போகாமல் நின்றாள்.

"டீச்சர், உங்க பையன் ராத்திரி யார்கிட்ட தூங்குவான்?"

"அத்தைகிட்ட" என்றேன். எனக்குக் கோபம் வந்தது. "இது பாடத்துல இல்லையே, ஹம்தா."

"இல்லதான்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

மாதக் கடைசி வாரம். வியாழக்கிழமை மதியம், ஜிர்யிஸ் காரைக் கிளப்பி, மற்றவர்கள் ஏறி, நான் கதவில் கை வைத்தபோது அபு நாயிஃப் வீட்டிலிருந்து ஆள் வந்தது. டீச்சர் கொஞ்சம் வந்துவிட்டுப் போகவேண்டுமாம். டீச்சர் விஷயமாகக் கூடாரத்தில் ஒருவர் உட்கார்ந்திருக்கிறாராம், ஹம்தாவின் அப்பா அபு ஸகர்.

அவர் எதற்கு வந்திருப்பார் என்று யோசிக்கவே வேண்டாம். மகளின் படிப்புக்காக என்னைப் பிடித்து வைக்கச் சொல்லி வந்திருப்பார். ஊர்க்காரன் ஒருவன் கிண்ணத்தைக் கீழே வைத்துக் கேட்டுவிட்டால், அபு நாயிஃப் நினைத்தாலும் பிறகு என்னை விட முடியாது. "இன்னைக்கு நான் வாயை அடக்கமாட்டேன்" என்று ஜிர்யிஸிடம் சொன்னேன். "எஞ்சினை அணைக்காதே" என்றும் சொன்னேன்.

கூடாரத்தில் அபு ஸகர் வேலை உடுப்போடேயே உட்கார்ந்திருந்தார். சட்டையில் சிமெண்டுத் தூசி, காலடியில் பாதுகாப்புத் தொப்பி. ஒல்லியான மனிதர். அவர் முன்னால் பாயில் காபிக் கிண்ணம். ஆவி அடங்கிப்போயிருந்தது. நெடுநேரமாக அப்படியே இருந்திருக்க வேண்டும். எனக்கும் கிண்ணம் வந்தது. இந்தமுறை சூடு தாளாததுபோல அதைச் சட்டென்று கீழே வைத்தேன்.

"டீச்சர் வந்துட்டாங்க. இப்ப சொல்லு" என்றார் அபு நாயிஃப்.

அபு ஸகர் என்னைப் பார்க்காமல், கிண்ணத்தைப் பார்த்தே பேசினார். "இவங்களை விட்டுடணும். ஊருக்கு அனுப்பிடணும். அதைக் கேக்கத்தான் வந்தேன்."

சண்டைக்கு நான் தயாராக வைத்திருந்த வார்த்தைகளுக்கு வேலையே இல்லாமல் போனது.

"உன் பொண்ணு படிப்பு?" என்றார் அபு நாயிஃப்.

"தெரிஞ்சுதான் கேக்கறேன்."

"இவங்க போனா அந்தப் பாடத்துக்கு ஆள் கிடைக்காது. கிடைச்சாலும் டிசம்பர் ஆகும். வர்றவங்களுக்கு எதுவும் தெரியாது. உன் பொண்ணுதான் முதல்ல நஷ்டப்படுவா."

"அவதான் என்னை அனுப்பினா."

அபு நாயிஃப் தாடியைத் தடவினார். "ஏன்?"

அபு ஸகர் மெதுவாகச் சொன்னார். "நான் ஹைஃபா பக்கம் கிரேன் ஓட்டறேன். ஞாயித்துக்கிழமை விடியறதுக்குள்ள வடக்கே போவேன். வியாழக்கிழமை வருவேன், இன்னைக்கு இதுக்காக சீக்கிரமே கிளம்பிட்டேன். என் பெரியவன் ஸகர் நடக்க ஆரம்பிச்சது எனக்கு போன்ல தெரிஞ்சுது. ஹம்தா குரான் ஓதி முடிச்ச அன்னைக்கு நான் மேல, கூண்டுக்குள்ள இருந்தேன். வீட்டுக்கு வந்தா பிள்ளைங்க எழுந்து நிப்பாங்க, யாரோ பெரியவர் வந்தாப்பல. 'அப்பா, இந்த டீச்சரும் உன்னை மாதிரி வியாழக்கிழமைக்காரங்கதான்'னு ஹம்தா சொன்னா. அதே ரோட்டுல அவங்க மேல போறாங்க, நான் கீழ வர்றேன். எனக்கு வேற வழியில்லை, என்னால விட முடியாது. இவங்களுக்கு வழி திறந்திருக்கு. அதை என் பொண்ணுக்காக மூடச் சொன்னா, இனி ஒவ்வொரு வியாழக்கிழமையும் நான் என் பிள்ளைங்க முகத்தை எப்படிப் பார்க்கறது?"

வெளியே காரின் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, துடைக்கவும் தோன்றவில்லை. என் சொந்த ஊரில், என் சொந்தத்தில், எனக்காக ஒருவரும் யாரிடமும் போய் இப்படி உட்கார்ந்ததில்லை.

"குடி, அபு ஸகர்" என்றார் அபு நாயிஃப். "நீ கேட்டதைக் கொடுத்தாச்சு."

அவர் ஆறிப்போன காபியை ஒரே வாயில் குடித்தார். அபு நாயிஃப் என் பக்கம் திரும்பினார். கொஞ்சநேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"டீச்சர் ஏதாவது சொல்லணுமா?"

"என்ன சொல்றதுன்னே தெரியல. உங்க ரெண்டு பேருக்கும் அல்லாஹ் நல்லது செய்யணும்" என்றேன். அபு ஸகரின் கையைப் பிடித்து முத்தமிடலாம் போல இருந்தது. அது முறையல்ல என்பதால், நெஞ்சில் கை வைத்துத் தலை குனிந்தேன்.

அபு நாயிஃப் இன்னும் சற்று நேரம் பார்த்தார். பிறகு, "சரி. இன்ஸ்பெக்டர்கிட்ட இன்னைக்கே சொல்லிடறேன்" என்று எழுந்துவிட்டார். ஏதோ ஒரு சொல் பாக்கி இருப்பது போல இருந்தது. அவர் களைப்பாக இருக்கிறார் என்று எண்ணிக்கொண்டேன். என் காபியைக் குடித்துவிட்டுக் காருக்கு ஓடினேன். அன்று வடக்கே போகும் வழி முழுக்க ஜிர்யிஸ் பாட்டுப் போட்டான், இனாஸ் தன் தயிரைக்கூடப் பங்கு கொடுத்தாள்.

இடம் எனக்குத்தான் என்று இரண்டு வாரத்தில் உறுதியானது. ஜூன் வரை நான் பேய் மாதிரிப் பாடம் எடுத்தேன். இடைவேளையிலும் எடுத்தேன். பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தில் எவ்வளவு முடியுமோ அவ்வளவையும் அந்தப் பதினாறு தலைகளுக்குள் திணித்துவிட்டுப் போகவேண்டும் என்று வெறி. ஹம்தா எப்போதும் போல முதல் வரிசையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டாள். நான் அவளுக்கு நன்றி சொல்ல இரண்டு மூன்று முறை முயன்றேன். ஒவ்வொரு முறையும் அவள் ஒரு கணக்கைக் காட்டிச் சந்தேகம் கேட்டாள்.

கடைசி நாள் பையன்கள் கேக் வாங்கி வந்தார்கள். ஸலாமா அண்ணன் எனக்கு ஒரு பை பேரீச்சம்பழம் கொடுத்து, "பஸ் வந்துடுச்சு, ஏறுங்க" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. ஆய்வுக்கூடத்தில் என் சாமான்களை அட்டைப்பெட்டியில் போட்டுக்கொண்டிருந்தபோது ஹம்தா வந்தாள். குடுவைகளைக் கழுவித் துணியில் கவிழ்த்தாள். எல்லாம் முடிந்ததும் கையைத் துடைத்துக்கொண்டு நின்றாள்.

"டீச்சர், ஒண்ணு சொல்லுவேன். கோவிச்சுக்கக் கூடாது."

"உன்கிட்ட எனக்கென்னம்மா கோவம். உங்க அப்பாவை அனுப்பினவளாச்சே நீ."

"நான்தான் அனுப்பினேன். ஆனா நீங்க போகணும்னு அனுப்பல."

நான் கையிலிருந்த பெட்டியைக் கீழே வைத்தேன்.

"எங்க பக்கம் ஒருத்தர் அவ்வளவு பெருசா ஒண்ணை விட்டுக்கொடுத்தா, எதிர்ல இருக்கறவங்க வாங்கிக்க மாட்டாங்க. 'நீங்க சொன்னதே போதும், நான் இருக்கேன்'னுடுவாங்க. ஒரு வருஷமாவது இருப்பாங்க. அப்படித்தான் நீங்க சொல்லுவீங்கன்னு நெனச்சேன். உங்களை யாரும் கட்டிப்போட்டா நீங்க இருக்க மாட்டீங்க, விட்டுட்டா இருப்பீங்கன்னு கணக்குப் போட்டேன்." அவள் துணியை மடித்து மேஜையில் வைத்தாள். "அபு நாயிஃபும் அதுக்காகத்தான் காத்திட்டிருந்தாராம். அப்பா மட்டும்தான் நெஜமாவே கேட்டிருக்கார்."

பொய் சொல்லியிருக்கலாம். தெரியாது, தெரிந்திருந்தால் இருந்திருப்பேன் என்று சொல்லியிருக்கலாம். அவளிடம் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்தக் கூடாரத்தில் அந்த வழக்கம் முழுவதும் எனக்குத் தெரிந்திருந்தாலும் நான் வாங்கிக்கொண்டுதான் போயிருப்பேன். இன்று கேட்டாலும் அதையேதான் செய்வேன்.

"எனக்குப் போகணும், ஹம்தா" என்றேன். "அவ்வளவு ஆசையா இருக்கு."

"தெரியும் டீச்சர். என் கணக்கை நான் சொல்லாமலே அப்பா கண்டுபிடிச்சிருக்கார், அன்னைக்கு வீட்டுக்கு வந்ததுமே சொல்லிட்டார். 'அவங்க முகத்தைப் பார்த்தேன், நீ நெனச்சது நடக்காதும்மா'ன்னார்."

வெளியே ஜிர்யிஸ் ஹார்ன் அடித்தான். அவள் குனிந்து கனமான பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டாள். நான் அவள் பின்னால் வாசல்வரை நடந்தேன். கார் டிக்கியில் பெட்டியை வைத்து, குடுவைகள் உடையாமலிருக்க என் சால்வையை மடித்து இடையில் செருகினாள்.

"அடுத்த வருஷம் உங்களுக்கு யார் எடுப்பாங்க?" என்று கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம்.

"வடக்கேருந்து யாராவது வருவாங்க" என்றாள் ஹம்தா. "வந்ததும் முதல்ல கேட்டுக்கறேன், வீட்ல பிள்ளை இருக்கான்னு."

டிக்கியை மூடி, இரண்டு முறை தட்டினாள். ஜிர்யிஸ் வண்டியை எடுத்தான்.